கூடப் போகிறவன்

கழுத்தில் ஒரு கட்டி. டி.பி.யாக இருக்கும் என்றுதான் பயாப்சி எடுத்தார்கள். லிம்ஃபோமா என்று வந்தது. அந்த வாரம் நண்பன் வீட்டுக்கு வந்தவர்கள், போனில் பேசியவர்கள் எல்லோரும் "தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் இருந்தான். அம்மா முன்னால் தைரியம், மனைவி முன்னால் தைரியம், பத்தாவது படிக்கும் மகள் முன்னால் இன்னும் கூடுதல் தைரியம். நாள் முழுக்க ஒரு மனுஷனால் அப்படி இருக்க முடியாது. எங்காவது இறக்கி வைக்க வேண்டும். நண்பன் என்று ஒருத்தன் வேண்டியிருப்பது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வைத்தியம் சென்னை அடையாறில். புற்றுநோய்க்குச் சகோதரியைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய மருத்துவமனை அது. பக்கத்தில் இருந்து பார்த்த துக்கத்திலிருந்து எழுந்த இடம். மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, மொத்தம் ஆறு சுற்று. கீமோ ஏற்றும் நாள் நீளமானது. முதலில் ரிட்டுக்ஸிமாப். உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துப் பார்த்து மணிக்கணக்கில் இறக்குவார்கள். நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு, அடங்கியதும் மறுபடி ஆரம்பிப்பார்கள். பிறகு டாக்ஸோருபிசின், பார்க்கவே சிவப்பாக இருக்கும். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும் என்பதால் நர்ஸ் கையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் என்று பயந்துபோவார்கள்.

வின்கிறிஸ்டின் என்று இன்னொரு மருந்து. அது நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. எங்கள் பள்ளிக்கூட மதிலோரம் யாரும் நடாமலே பூத்துக் கிடந்த செடி. உயிர் காக்கும் மருந்துதான், ஆனால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். பாதி வைத்தியத்தில் அவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மனைவி போட வந்தால் சுள்ளென்று விழுவான். என்னிடம் பேசாமல் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான். நான் கிரிக்கெட் பேசிக்கொண்டே கழுத்துப் பொத்தானிலிருந்து கீழே வருவேன்.

ஒவ்வொரு சுற்றிலும் முதல் ஐந்து நாள் ப்ரெட்னிசோலோன் மாத்திரை. தூக்கம் போய்விடும், பசி கொல்லும், மனசு அலைபாயும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும்.

"மாப்ள, நான் செத்துட்டா வீட்டு லோன் என்னடா ஆகும்?"

"அப்படியெல்லாம் பேசாத" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் மறுநாள் ராத்திரி போன் வராது. அந்தப் பயத்தோடு அவன் தனியாகப் படுத்திருப்பான். "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டேன். தொகையைச் சொன்னான். லோனுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தானா, பத்திரம் எந்த பீரோவில், நாமினி யார் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். பேசப் பேசக் குரலில் இருந்த படபடப்பு அடங்கியது. கடைசியில், பசிக்கிறது, தோசை சுடப் போகிறேன் என்றான்.

ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும். சளி இருமலோடு யாரும் பக்கத்தில் வரக்கூடாது. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அர்த்த ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் நம் ஊரில் உறவு கூடுவது சரியாக அந்த நாட்களில்தான். பழக்கூடை வரும், முள்சீத்தா இலைக் கஷாயம் வரும், கீமோவை நிறுத்தச் சொல்லும் யோசனையும் வரும். "நீங்க சொல்லிருங்கண்ணே, நான் சொன்னா சித்தப்பா கோவிச்சுக்குவாரு" என்று அவன் மனைவி கையைப் பிசைவார். அவர் சொன்னால் தலைமுறைக்கும் பேச்சு நிற்கும். நான் வெளியாள்; என்மேல் கோபித்துக்கொண்டு போகட்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உறவுக்காரர்களால் செய்ய முடியாததும் நண்பன் செய்ய வேண்டியதுமான வேலை இது, சந்தேகமே இல்லை. மூன்றாவது வாரம் கவுன்ட் ஏறிவிடும். சாயங்காலம் எங்கள் மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் போய் உட்காருவோம். நோயைப் பற்றி அவன் எடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆறு சுற்றும் முடிந்து பெட் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும், "அதான் சரியாயிடுச்சே" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவனுக்கோ பயம் அதற்கப்புறம்தான் பெரிதாயிற்று. இதுவரை மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, இனிமேல் எது நோயைத் தடுக்கும்? பேசிக்கொண்டிருக்கும்போதே கை கழுத்துக்குப் போய்த் தடவிப் பார்க்கும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. வைத்தியத்துக்கு மட்டுமில்லை, செக்கப்புக்கும் உண்டு. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம். ஆவணியில் போக வேண்டும், பாண்டியன் எக்ஸ்பிரஸில் எனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறான்.