ஒரே ஒரு சுவரொட்டி

ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். மண்ணீரலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காவேரிப்பட்டணத்தில் நான் சிறுவனாக இருந்தபோது அப்பா கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கி வருவார். அம்மா அதைக் கத்தியால் கீறி, உப்பும் மிளகும் தடவித் தோசைக்கல்லில் போடுவாள். ஓரம் சுருண்டு எழும்பும். "ஆம்பளப் புள்ள, ரத்தம் ஊறட்டும்" என்று என் தட்டில் வைப்பாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து வெறும் குழம்பில் சோறு பிசைவாள். அவள் பார்ப்பது எனக்குத் தெரியும். ஒரு நாளும் பிய்த்துக் கொடுத்ததில்லை.

சிப்காட்டில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, மூக்கண்டப்பள்ளிக்குக் குடிவந்த பிறகும் அதே வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வருவேன். மனைவி சமைத்து எனக்கே வைப்பாள். அவளும் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று வேலை செய்கிறவள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு வருடம் சொன்னாள். "தூக்கம் பத்தல" என்று தள்ளிவிட்டேன். போன வருடம் மயங்கி விழுந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். ஹீமோகுளோபின் 7.8. குறைந்தது 12 இருக்க வேண்டுமாம்.

அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். 100 கிராம் செம்மறியாட்டு மண்ணீரலில் சுமார் 40 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. கீரையின் இரும்பைவிட இது உடம்பில் சுலபமாகச் சேரும். ஈரலில் பி12, ஃபோலேட் இரண்டும் உண்டு. ஒருவகை ரத்தசோகையை ஈரல் தீர்க்கிறது என்று கண்டதற்காகவே 1934-இல் மூன்று மருத்துவர்கள் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். (கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஈரல் சாப்பிடக் கூடாது, வைட்டமின் ஏ அதில் மிக அதிகம்.) 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவள் விடாமல் போடுகிறாள். சுவரொட்டி இப்போது அவள் தட்டுக்குப் போகிறது. முதல் வாரம் கைப்பழக்கத்தில் பாதியைப் பிய்த்து எனக்கு வைத்தாள். திருப்பி வைத்தேன். இருவரும் பேசவில்லை.

தங்கைக்கு முதல் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்கள். நான்தான் போய்க் கொடுத்தேன். ரத்தம் கொடுத்த அண்ணன் என்று ஊரில் இன்றும் என்னைச் சொல்வார்கள். யார் சொன்னபோதும் நான் மறுத்ததில்லை.