பாண் இறங்கிய பிறகு

பருத்தித்துறைக்குப் போகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் யாரிடம் சொன்னாலும், வரும்போது வடை வாங்கிவரச் சொல்வார்கள். தட்டை வடைக்கும் ஓடக்கரைத் தோசைக்கும் பேர்போன ஊர் அது. கப் கேக் சாப்பிடவென்று அங்கே போகிறவர்கள் குறைவு. விறகுப் போறணையில் இன்றைக்கும் கேக் சுடுகிற வெதுப்பகம் ஒன்று அங்கே இருப்பதாக உறவுக்காரர் ஒருவர் சொன்னதால், விடியற்காலையில் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிவிட்டேன். வல்லை வெளியைக் கடக்கும்போது இன்னும் சரியாக வெளிக்கவில்லை.

கடை சந்தைக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. முகப்பில் இரண்டு கண்ணாடி அலுமாரிகள். ஒன்றில் பாண்: அச்சுப் பாண், றோஸ் பாண், சங்கிலிப் பாண். மற்றதில் சீனி தூவிய கிம்புலா பணிஸ், சீனிச் சம்பல் வைத்த பணிஸ், மாலு பணிஸ். வாசலில் இரண்டு ஓட்டோக்கள், பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பொருத்தியபடி நின்றன. ஊருக்குள் இசையோடு பாண் விற்கப் போகிறவை. கேக் தட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.

"கப் கேக் இல்லையோ அக்கா?" என்றேன்.

"இன்னும் போடேல்லை. பாண் இப்பத்தான் இறங்கினது. பின்னுக்கு ஐயா நிக்கிறார், போய்க் கேட்டுப் பாருங்கோ."

பின்பக்கம் போனதும் சூடு முகத்தில் அடித்தது. ஒரு சிறிய அறையின் அளவு இருக்கும் போறணை. செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரை, வெளியே மண் பூச்சு, பல வருடப் புகையில் கறுத்துப்போன நெற்றி. வாசல் ஒன்றே ஒன்றுதான். விறகு உள்ளே போவதும், தணல் வெளியே வருவதும், தட்டுகள் போய் வருவதும் அந்த ஒரே வாசலால். புகைபோக்கியும் உள்ளே இல்லை, வாசலுக்கு நேர்மேலே இருக்கிறது. தளத்துக்குக் கீழே கடற்கரை மணலும் உடைந்த போத்தல் கண்ணாடியும் உப்பும் பரவியிருப்பதாகப் போறணைக்காரர் சொன்னார். சூட்டைப் பிடித்து வைப்பதற்காகச் செய்த வேலை அது.

அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஈரத் துவாயுடன் நின்றார். இரவு பன்னிரண்டு மணிக்கு நெருப்பு மூட்டுகிறார். கட்டை விறகு போறணைக்குள்ளேயே, தளத்தின் மேலேயே, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எரிகிறது. கூரைச் செங்கல்லில் முதலில் கரி படியும். சூடு ஏற ஏற அந்தக் கரியும் எரிந்துபோய்க் கல் வெளுக்கும். வெளுத்ததும் தணலை வாரி வெளியே இழுத்து, நீண்ட கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் சாம்பலைத் துடைத்து, வாசலை மூடிச் சற்று நேரம் விடுவார். சூடு எல்லாப் பக்கமும் சமனாகப் பரவவேண்டும். அதன் பிறகு உள்ளே நெருப்பே இல்லை. பாண், பணிஸ், கேக் எல்லாம் கல் குடித்து வைத்த சூட்டிலேயே வேகவேண்டும். அந்தச் சூடோ நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும்.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் அங்கே போனேன். வீட்டு மின்சார அவணில் 180 என்று திருகி வைத்தால் அது 180இலேயே நிற்கும். கேக் சுடுகிறவர் அதற்கேற்பத் தன் கலவையைச் செய்துகொள்ளலாம். போறணையில் அது முடியாது. இறங்கிக்கொண்டிருக்கும் சூட்டில் எந்தப் பண்டத்துக்கு எந்த இடம் என்று பார்த்து அதை உள்ளே விடவேண்டும். கடும் சூட்டில் பாண், அது தணிந்ததும் பணிஸ், அதற்கும் பிறகு கப் கேக், கடைசியாக இறாத்தல் கணக்கில் தட்டில் சுடும் பட்டர் கேக். நத்தார் காலத்தில் றிச் கேக் எல்லாவற்றுக்கும் பின்னால் போகும். பழமும் பாணியும் நிறைந்த அந்தக் கேக் மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் கருகாமல் வேகும்.

"கேக்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் செல்லும் ஐயா?"

"மணிக்கூட்டைப் பாத்துச் சொல்லேலாது பிள்ளை. இஞ்ச வாரும், காட்டுறன்."

ஒரு சிட்டிகை கோதுமை மாவை எடுத்துப் போறணைக்குள் எறிந்தார். தளத்தில் விழுந்த மா நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மண்ணிறமாகி, ஓரம் கறுத்தது. "இப்ப வைச்சால் மேல் கருகும், உள்ளுக்குப் பச்சையா இருக்கும்." வாசலைப் பாதி திறந்து விட்டார். சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு சிட்டிகை. இந்த முறை மா நிதானமாகப் பொன்னிறத்துக்கு வந்தது. அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபதைத் தாண்டியும் மா கறுக்கவில்லை. "இனிச் சரி," என்று உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

அங்கே இரண்டு இளம்பெடியள் கேக் கலவையை முடித்திருந்தார்கள். அடிக்கும் வேலை விடியுமுன்பே நடந்துவிடுகிறது. பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்கள் பட்டருக்குள் நுண்ணிய காற்றுக் குழிகளை உண்டாக்குகின்றன. அந்தக் குழிகள்தான் பிறகு போறணைக்குள் விரிந்து கேக்கைப் பொங்க வைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குழி தோண்டுவதில்லை, ஏற்கெனவே இருப்பதைப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். பட்டர் உருகிவிட்டால் காற்று நிற்காது. அது நன்றாக அடிபட ஏறத்தாழ இருபது பாகை செல்சியஸ் வேண்டும். பருத்தித்துறையில் பகலில் முப்பதுக்கு மேல் இருக்கும், அதுவும் போறணைக்குப் பக்கத்தில். அதனால் கலவைச் சட்டியைக் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த பெரிய பேசினுக்குள் இருத்தி வைத்திருந்தார்கள். பட்டர் பாதி, மாஜரின் பாதி. முழுக்கப் பட்டர் போட்டால் விலை கட்டாது, முழுக்க மாஜரின் போட்டால் வாயில் மெழுகு ஒட்டும் என்றார் போறணைக்காரர். சமையல் புத்தகங்கள் எழுதாமல் விடும் இந்தக் கணக்கை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கடதாசிக் கப்புகளைத் தகர அச்சுகளில் அடுக்கி, கரண்டியால் அரைவாசிக்குச் சற்று மேலாகக் கலவையை விட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு பிளம்ஸ். தட்டுகளை நீண்ட துடுப்பில் ஏற்றி உள்ளே தள்ளியதும் தகரக் கதவு மூடப்பட்டது.

காத்திருந்த நேரத்தில் பிளேன்ரீ வந்தது. அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இளந்தாரியாக. பொருளாதாரத் தடை இருந்த காலம். யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வராது, சவர்க்காரம் வராது, மெழுகுதிரிகூட வராது. மின்சாரம் அறவே இல்லை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் மா குழைத்தார்கள்.

"மா வந்தால் பாண், வராட்டி இல்லை. கேக்குக்கு மாஜரின் எங்க கிடந்தது? தேங்காயெண்ணெயிலை அடிச்சம். முட்டை ஊரிலை இருந்தது. சனம் பிறந்தநாளைக் கொண்டாடாமல் விடேல்லைத்தானே பிள்ளை."

அந்தக் காலத்தில் வீடுகளில் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, சைக்கிளில் வைத்துப் போறணைக்குக் கொண்டுவருவார்களாம். எங்கள் அம்மம்மா வீட்டுக் கேக்கும் இப்படி ஊர்ப் போறணை ஒன்றிலேயே வெந்தது. எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய, கலவையின் மேல் முந்திரிப்பருப்பால் ஒரு குறி வைத்துவிடுவார்கள். இப்போது வீடுகளில் அவண் வந்துவிட்டது. நத்தாருக்கு மாத்திரம் சில வீட்டுத் தட்டுகள் இன்னும் வருகின்றன.

2022ஐப் பற்றியும் கேட்டேன். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். எரிவாயு கிடைக்காமல், காஸ் அவண் வைத்திருந்த எத்தனையோ பேக்கரிகள் மூடிக் கிடந்தன. இந்தப் போறணைக்கு விறகு இருந்தது, மாதான் இல்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எல்லாம் கப்பலில் வந்து, திருகோணமலையில் உள்ள பிறிமா ஆலையிலும் மற்ற ஆலைகளிலும் அரைபட்டுத்தான் நமக்குக் கிடைக்கிறது. டொலர் இல்லாத நாட்டுக்குக் கோதுமைக் கப்பல் எப்படி வரும்? மா கிடைத்த நாட்களில் பாண் மட்டும் போட்டார்கள். மாதக்கணக்கில் கேக் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம், தடைக் காலத்தைச் சொன்னபோது இருக்கவில்லை. அப்போது கேக்கை எப்படியாவது போட்டுவிட முடிந்திருக்கிறது.

கதவைத் திறந்தபோது வனிலாவும் சுட்ட பட்டரும் கலந்த வாசம் ஒழுங்கை வரைக்கும் போயிருக்கவேண்டும், ஓட்டோக்காரர் இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். தட்டு ஆறும்வரை போறணைக்காரர் யாரையும் தொடவிடவில்லை.

என் கையில் கிடைத்த கப் கேக் உள்ளங்கைக்குள் அடங்கியது. நடுவில் குவிந்து, உச்சியில் ஒரு வெடிப்பு. மேற்பரப்பு முந்தி இறுகிவிட, உள்ளே இருக்கும் கலவை பிந்திப் பொங்கி அதைப் பிளந்துகொண்டு வருவதால் உண்டாவது அது. வெடிப்பின் விளிம்பு கடும் மண்ணிறம், உட்புறம் வெளிர் மஞ்சள். கடதாசியைப் பிரித்தபோது ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லிய படலமாகக் கேக் ஒட்டி வந்தது. கேக்கின் பக்கங்களில் அந்த மடிப்புகளின் வரி அப்படியே பதிந்திருந்தது. முதல் கடியில் மேல்தோல் மொறுமொறுத்தது, அடுத்து மாஜரினின் உப்பு, பிறகு முட்டையின் மணம். நடுப்பகுதி ஈரப்பதத்தோடு, ஆனால் களியாகாமல், விரலால் அழுத்தினால் மீண்டு வந்தது. அடிப்பக்கம் கல்லுக்கு மிக அருகில் இருந்ததால் அங்கே சீனி இலேசாகக் கருகிய கசப்பு. அந்தக் கசப்பை எந்த மின்சார அவணும் எனக்குத் தந்ததில்லை. பிளம்ஸ் இரண்டும் அடியில் போய் உட்கார்ந்திருந்தன. மாவில் சற்றுப் புரட்டிப் போட்டிருந்தால் நடுவில் நின்றிருக்கும். வனிலா எசன்ஸ் ஒரு சொட்டுக் குறைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. மற்றபடி, கொழும்பில் பல மடங்கு விலை கொடுத்துத் தின்ற கப் கேக்குகளைவிட இந்த 80 ரூபாக் கப் கேக் எனக்கு மேல்.

ஒரு மூலையில், பிறந்தநாள் ஓடர் ஒன்றுக்காக இளஞ்சிவப்பு ஐசிங் சுற்றிய கப் கேக்குகளும் இருந்தன. அதிலும் ஒன்றைச் சாப்பிட்டேன். நல்ல ஐசிங்தான். ஆனால் அந்த வெடிப்பு மறைந்துபோகிறது, மொறுமொறுப்பு ஈரத்தில் ஊறிப் போய்விடுகிறது. மேலே கோபுரமாக ஐசிங் வைக்கும் வழக்கம் கப் கேக்குக்கு ஆதியிலிருந்தே வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆதியில் முக்கியமாக இருந்தது அதன் சின்ன அளவுதான். 1796இல் அமெலியா சிம்மன்ஸ் எழுதி அமெரிக்காவில் அச்சான சமையல் நூலிலேயே சிறிய கோப்பைகளில் சுடும் மென்மையான கேக் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் இருந்ததும் விறகு அடுப்பும் செங்கல் அவணும்தான். ஆறிக்கொண்டிருக்கும் சூட்டில் பெரிய கேக்குக்கு ஒரு மணித்தியாலம் செல்லும், சின்னக் கேக் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். சூடு ஏமாற்றுவதற்குள் வேலையை முடித்துவிடலாம். பருத்தித்துறையிலும் அதே கணக்குத்தான் ஓடுகிறது. பாணையும் போறணையையும் நமக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுடைய ஆட்சி யாழ்ப்பாணத்தில் 1658இல் முடிந்துவிட்டது, போறணை இன்றும் நிற்கிறது.

எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் என் கவலை. நடுச்சாமத்தில் விறகு அடுக்க இளையவர்கள் விரும்புவதில்லை. பெடியள் இருவரில் ஒருவன் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கிறான். மின்சார அவண் வாங்கினால் புகை இல்லை, ஆள் குறைவு, எல்லாத் தட்டும் ஒரே நிறமாக வரும். முதலாளி அதை யோசிக்கிறார், அவரில் குறை சொல்லவும் முடியாது. கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தால் போறணையை வைத்திருப்பேன் என்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்: வடை வாங்கப் போகிறவர்கள் இந்த ஒழுங்கைக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடவேண்டும். அதற்குப் பிறகு பாதித் தட்டு ஓட்டோக்களில் ஏறி, பீதோவனின் 'ஃபியூர் எலிஸ்' ஒலிக்க வடமராட்சி முழுக்கப் போய்விடும். மிச்சம் பள்ளிக்கூடக் கன்ரீனுக்கு. வாங்கியதும் பொலித்தீன் பையில் கட்டாதீர்கள், வியர்த்துத் தோல் நமுத்துவிடும், கடதாசிப் பெட்டி கேளுங்கள். திங்கட்கிழமை மட்டும் போகவேண்டாம். புறப்படும்போது போறணைக்காரரே என்னைக் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

"ஞாயிறு லீவு பிள்ளை. ஒருநாள் நெருப்பில்லாமல் கிடந்தால் கல்லு ஆறிப்போடும். திங்கள் எவ்வளவு எரிச்சாலும் அடி ஒரு மாதிரி, மேல் ஒரு மாதிரி. பாண் சமாளிக்கும், கேக் சமாளிக்காது. செவ்வாய் வாங்கோ."