பூதம் போட்ட பனியன்

திருச்சியில் பஸ் ஏறினால் புதுக்கோட்டைக்கு ஒண்ணரை மணி நேரம். கீரனூர் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள், குளித்துவிட்டுப் படுத்த யானைக் கூட்டம் மாதிரி தெரியும். புதுக்கோட்டையில் வேறு பஸ் மாறி ஆலங்குடிப் பக்கம் போனால் மண் சிவக்க ஆரம்பிக்கும். எப்படிச் சிவப்பு என்றால், வெள்ளை வேட்டியில் போய் இறங்கியவன் காவி கட்டின சாமியாராகத்தான் ஊர் திரும்ப முடியும். அப்படிச் சிவப்பு!

அங்கேதான் என் சித்தப்பா ஊர். போன பொங்கலுக்கு முன்னால் சித்தப்பா மகன் போன் பண்ணினான்.

''அண்ணே, நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதுறீங்கள்ல... எங்க ஃபுட்பால் டீமுக்கு ஒரு பேரு, ஒரு கலரு, ஒரு சின்னம் வேணும். வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.''

நான் பி.காம். 'குட்வில்' என்பதை பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் எழுத வேண்டும் என்பதோடு என் ஞானம் முடிந்தது. இருந்தாலும், 'பத்திரிகையில் எழுதுறீங்க' என்று ஒருத்தன் சொன்ன பிறகு வரமாட்டேன் என்று சொல்ல நான் என்ன மடையனா? ரெண்டு நாள் லீவு போட்டேன்.

போகிற வழியில் திருக்கோகர்ணத்தில் இறங்கி மியூசியத்துக்குப் போனேன். பேர், சின்னம் எல்லாம் இந்த மண்ணுக்குப் புதுசில்லை சார். 1948-ல் இந்தியாவோடு சேருகிற வரைக்கும் இது தொண்டைமான் ராஜாக்களின் தனி சமஸ்தானம். அவர்கள் அடித்த செப்புக் காசுக்கு 'அம்மன் காசு' என்று பெயர். சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அவ்வளவுதான், கோஷம், சின்னம் ரெண்டும் முடிந்தது! நவராத்திரியில் ஜனங்களுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்களாம். விளம்பரக் கம்பெனிக்காரர்கள் லட்சம் லட்சமாக வாங்கிக்கொண்டு செய்கிற வேலையைப் பித்தான் அளவில் முடித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துப் புளிய மரத்தடியில் கூட்டம். பதினோரு பேர். நடுவில் நான், மூக்குக் கண்ணாடியும் நோட்டுமாக.

முதலில் சின்னம். ''ஜல்லிக்கட்டுக் காளை!'' என்றான் ஒருத்தன். சரியான யோசனைதான். வாடிவாசல் அதிகம் இருக்கிற மாவட்டம் என்று புதுக்கோட்டைக்குப் பேர். ஆனால் உடனே அடுத்த கேள்வி வந்தது: ''யார் வீட்டுக் காளை?'' கொம்பு இந்த வீட்டு மாடு மாதிரி இருந்தால் அந்த வீட்டுக்காரன் கோபிப்பான். திமில் அந்த வீட்டு மாடு மாதிரி இருந்தால் இந்த வீட்டுக்காரன் வரமாட்டான். காளை அவுட்.

கூட்டத்தில் ஒரு பையன் சென்னையின் எஃப்.சி.யின் நீல ஜெர்சி போட்டிருந்தான். மார்பில் முழி பிதுங்க ஒரு முகம். ''இது என்ன அண்ணே, பேயா?'' என்று கேட்டான். போட்டிருக்கிறவனே கேட்கிறான்!

இது எனக்குத் தெரிந்த சப்ஜெக்ட். கண்ணாடியைச் சரி செய்துகொண்டேன்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது பிறந்த டீம் அது. அபிஷேக் பச்சன், தோனி எல்லாம் முதலாளிகள். தோனி வந்தால் மஞ்சள்தானே என்று ஊரே நினைத்தது, நீலம் எடுத்தார்கள். பேரும் விசேஷம். 'சென்னை' இல்லை, 'சென்னையின்'. சென்னைக்குச் சொந்தமான என்று அர்த்தம். தமிழ் வாத்தியார் கேட்டால், ''சென்னையின்... என்னடா? வாக்கியத்தை முடி!'' என்று பிரம்பை எடுப்பார். முடிக்காமல் விட்டதுதான் சாமர்த்தியம். மிச்சத்தை கேலரியில் உட்கார்ந்திருக்கிறவன் முடித்துக்கொள்வான்.

மார்பில் இருப்பது பேய் இல்லை. திருஷ்டி பொம்மை. கட்டுகிற வீட்டின் முன்னால் மீசையும் பல்லுமாகத் தொங்குமே, அதே ஆசாமி. சிங்கம், புலி, யானை என்று எல்லா டீமும் எதிரியைப் பயமுறுத்தப் பார்க்கும். இந்த ஒரு டீம்தான், 'எங்களைக் கண்ணு வைக்காதீங்கப்பா' என்று கேட்டுக்கொண்டு இறங்கியது. பலித்தது என்றும் சொல்லலாம். 2015-ல் பாதி சீஸன் தாண்டியும் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். கோவாவில் ஃபைனல். தொண்ணூறாவது நிமிஷம் நெருங்குகிற வரை 1-2 என்று பின்தங்கிக் கிடந்தவர்கள், 3-2 என்று கப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்! 2018-ல் பெங்களூருவில் இன்னொரு கப். அதுவும் 3-2.

பையன்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

''சரி, கலருக்கு வருவோம். மஞ்சள்?''

''அது ஒரு சங்கத்துக் கொடி அண்ணே.''

''பச்சை?''

''அது இன்னொரு சங்கம்.''

''சிவப்பு?''

''கட்சி.''

''நீலம்?''

யாரும் பதில் சொல்லவில்லை. நீல ஜெர்சி போட்டிருந்த பையன் தரையைப் பார்த்தான். சித்தப்பா மகன் ஒரு புளியங்கொட்டையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. போன வருஷம் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஜெர்சி எடுத்துக் கொடுத்தார். எடுத்தது அவருடைய சங்கக் கொடியின் கலரில். கீப்பர் பையன் அந்தத் தெருவைச் சேர்ந்தவன் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம். 'எனக்கு வேண்டாம்' என்றிருக்கிறான். 'உனக்கென்னடா, கீப்பருக்கு ரூல்படி வேற கலர்தானே' என்று இவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ரூல் சரிதான். உலகம் பூராவும் கோல்கீப்பருக்குத் தனிச் சட்டைதான். ஆனால் அவன் சொன்ன பதில்: ''நீங்க பத்துப் பேரும் அந்தக் கலர்ல நின்னா, நான் வேற சட்டையில நிக்கிறதுக்கு ஊர் வேற அர்த்தம் சொல்லும்.''

அதோடு போனவன்தான். அவன் இல்லாமல் ஆடி முதல் மேட்சிலேயே ஐந்து கோல் வாங்கினார்கள்.

''பேரு, சின்னம் எல்லாம் இருக்கட்டும். முதல்ல அந்தப் பையன் வீட்டுக்குப் போவோம்'' என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்து நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா மகன் பின்னால் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

அரசாங்கப் பணத்தில் பாதி எழும்பி நிற்கிற வீடு. ஜன்னலுக்குச் சட்டம் இல்லை. பையன் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றான். அவன் அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு விநாடி யாரும் கை நீட்டவில்லை. சித்தப்பா மகன் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் அந்த வீதிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை என்பதைத் திரும்பும்போதுதான் சொன்னான்.

நிலைப்படிக்கு மேலே பார்த்தேன். தொங்குகிறது, அதே முழி, அதே மீசை, அதே நாக்கு! சித்தப்பாவின் புது வீட்டிலும் இதேதான். ரெண்டும் ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள்.

''இதுதான்டா சின்னம்'' என்றேன்.

''சென்னைக்காரங்களப் பார்த்துக் காப்பி அடிச்சோம்னு சொல்லுவாங்களே அண்ணே?'' என்றது நீல ஜெர்சி.

கீப்பர் பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். ''எங்க வீட்டுல மூணு வருஷமா தொங்குது. காப்பி அடிச்சது யாரு?''

எல்லோரும் சிரித்தோம். பாதி வேலை முடிந்தது. பேருக்கு ஊர்ப் பேரே போதும் என்று அங்கேயே தீர்மானம்.

மிச்சம் கலர். நான் இத்தாலிக் கதை சொன்னேன். யுவென்டஸ் என்று ஒரு பெரிய டீம். 1897-ல் டூரின் நகரத்துப் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்தது. முதலில் ரோஸ் கலர் சட்டை. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போக, 1903-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமிலிருந்து புதுசு வரவழைத்தார்கள். அங்கே வாங்கி அனுப்பிய ஆசாமி உள்ளூர் டீமான நாட்ஸ் கவுன்டியின் ரசிகர். அந்த டீமின் கறுப்பு வெள்ளைப் பட்டையையே பார்சல் பண்ணிவிட்டார். இன்றைக்கு வரைக்கும் யுவென்டஸுக்கு அதுதான் அடையாளம். பட்டப்பேரே வரிக்குதிரை!

''அப்ப நாமளும் கடைக்காரர்கிட்டயே விட்டுடலாமா அண்ணே?''

''வேண்டாம். உங்க ஊர்ல கடைக்காரருக்கும் சங்கம் இருக்கும்.''

கடைசியில் வெள்ளை. ''வெள்ளைன்னா எல்லாக் கட்சிக்காரனும் போடுறான், எவனும் சொந்தம் கொண்டாட முடியாது'' என்றான் கீப்பர். அவனுக்கு ரூல்படி சாம்பல் கலர். திருப்பூரிலிருந்து பார்சல் வந்தது. மார்பில் பூதம். செலவு எல்லோரும் போட்டது. (என் பங்கு ஆயிரம் ரூபாய், வீட்டில் சொல்லவில்லை.)

பொங்கலுக்கு மறுநாள் மேட்ச் பார்த்தேன். முதல் ரெண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். அரையிறுதியில் பெனால்டியில் தோற்றார்கள். கீப்பர் ரெண்டு பந்தைத் தடுத்தான். நம்ம பையன்கள்தான் மூணை வெளியே அடித்தார்கள். அதில் ஒன்றை அடித்தவன் சித்தப்பா மகன். பந்து நேராக எனக்குப் பின்னாலிருந்த டீக்கடைக்குள் போனது.

''திருஷ்டி பொம்மை வேலை செய்யலியேடா'' என்றேன்.

''பொம்மை என்னண்ணே பண்ணும், இவன் கண்ண மூடிக்கிட்டு அடிச்சா?'' என்று கீப்பர் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

ரெண்டு பேரும் பம்ப்செட்டுப் பக்கம் நடந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தேன். அந்த மைதானத்து மண்ணில் விழுந்து புரண்டதில் வெள்ளைச் சட்டை எது, சாம்பல் சட்டை எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ரெண்டும் ஒரே செம்மண் கலர்.

சித்திதான் கத்தினாள்: ''தம்பி, வெள்ளைய எடுக்கச் சொன்னது நீங்கதானே? வந்து நீங்களே துவைங்க!''

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன்.