எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை

1/ மூணு தலைமுறையா குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஹீமோஃபிலியா ஒரு ஆண் குழந்தைக்கு எப்படி வரும்? இந்தக் கேள்வி எழுந்ததும் பல வீடுகளில் எல்லார் பார்வையும் திரும்புறது குழந்தையோட அம்மா பக்கம்தான். மரபணு சொல்ற பதில் வேற. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ ரத்தம் உறைய பல புரதங்கள் வரிசையா வேலை செய்யணும். அதில் ஃபேக்டர் 8 குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருது. இயல்பு அளவில் 1 சதவீதம்கூட இல்லைன்னா தீவிர வகை. குழந்தை தவழ ஆரம்பிக்கும்போதே உடம்பில் அங்கங்கே கன்றிப்போகும். பெருசா அடிபடாமலே முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும்.

3/ இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கு. ஆணுக்கு எக்ஸ் ஒண்ணுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனாலதான் "அம்மா வழி நோய்" என்கிற பேச்சு.

4/ 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களுக்கு ஒரு புதிர். தீவிர நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மரபணுவின் பகுதிகளைத் துருவிப் பார்த்தும் பிழையே கிடைக்கலை. எழுத்து எல்லாம் சரி, ஆனா புரதம் மட்டும் வரலை. 1993-ல் விடை கிடைத்தது.

5/ நம்ம ஊர் உதாரணம். தாம்பரத்தில் பீச் ரயில் ஏறினா சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. இதில் குரோம்பேட்டையிலிருந்து பழவந்தாங்கல் வரை உள்ள தண்டவாளத்தை அப்படியே பேர்த்து, திருப்பி வைத்ததா நினைச்சுக்கோங்க. சானடோரியத்துக்கு அடுத்து பழவந்தாங்கல் வரும், குரோம்பேட்டைக்கு அடுத்து பரங்கிமலை வரும். ஒவ்வொரு ஸ்டேஷனா எண்ணினா கணக்கு சரியா இருக்கும். வரிசைதான் உடைஞ்சிருக்கும்.

6/ ஃபேக்டர் 8 மரபணுவில் நடப்பதும் இதுதான். அதில் 26 குறியீட்டுப் பகுதிகள். முதல் 22 பகுதிகள் திசை மாறி வேறு இடத்துக்குப் போயிடும், மீதி 4 பகுதிகள் பழைய இடத்திலேயே நிற்கும். எழுத்து ஒண்ணுகூடக் குறையலை. ஆனா தொடர்ச்சியா படிக்க முடியாது.

7/ ஏன் திரும்புது? 22-வது பகுதிக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் சுமார் 9,500 எழுத்து நீளமுள்ள ஒரு தொடர் இருக்கு. சில லட்சம் எழுத்துகள் தள்ளி, குரோமோசோமின் நுனிப் பக்கம், அதே தொடர் எதிர்த்திசையில் திரும்பவும் இருக்கு. இதைத்தான் தலைகீழ் மறுதொடர் என்கிறோம். ஒரு ரிப்பனை மடிச்சா இரண்டு முனையும் ஒட்டுற மாதிரி, குரோமோசோம் மடிஞ்சா இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கச்சிதமா பொருந்தும். அங்கே வெட்டி மாற்றி ஒட்டினா, நடுவில் இருக்கிற துண்டு மொத்தமும் திரும்பிடும்.

8/ இது எப்போ நடக்குது என்பதுதான் முக்கியம். முட்டை உருவாகும்போது பெண்ணின் இரண்டு எக்ஸும் நீளவாக்கில் ஜோடி சேர்ந்து நிற்கும், அதனால் தன்மேலேயே மடிய வாய்ப்பு குறைவு. விந்தணு உருவாகும்போது ஆணின் ஒற்றை எக்ஸுக்கு அந்த நுனியில் பொருந்தற ஜோடி கிடையாது. 1995-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தது. இந்தத் திருப்பம் பெண்ணைவிட ஆணின் இனச்செல்லில் சுமார் 300 மடங்கு அதிகமா நடக்குதுன்னு அது கணக்கிட்டது.

9/ அதாவது, குடும்பத்தில் முதன்முறையா இந்தத் திருப்பத்தோட ஒரு பையன் பிறந்தால், அது பெரும்பாலும் அவன் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் விந்தணுவில் நடந்தது. அந்த அம்மா கருவானபோதே அவங்களுக்குள் வந்தாச்சு. ஓபியில் ஒரு மாமியார், மருமகளைப் பக்கத்தில் வைச்சுக்கிட்டே, "எங்க வம்சத்துல இப்படிக் கிடையாது டாக்டர், இவ கொண்டு வந்தது" என்றார். "அம்மா, இது நடந்தப்ப உங்க மருமக பிறக்கவே இல்லை" என்றேன். அந்தப் பெண் முதல்முறையா நிமிர்ந்து பார்த்தாங்க. உடனே, தாத்தாவையும் திட்டாதீங்கன்னு சேர்த்துச் சொன்னேன். சாப்பாடு, பாவம், கிரகணம் எதுவும் காரணமில்லை. இது தற்செயல்.

10/ மறுதொடர்கள் கெட்டவையா? இல்லை. ஆணின் ஒய் குரோமோசோமில் இப்படி முகம் பார்த்து நிற்கும் பெரிய அமைப்புகள் 8 இருக்கு. ஜோடியில்லாத ஒய், ஒரு பிரதியில் பிழை வந்தால் மறு பிரதியைப் பார்த்துச் சரிசெய்துக்குது. அதே அமைப்பு சில சமயம் துண்டுகளை இழக்க வைச்சு, ஆண் மலட்டுத்தன்மைக்கும் காரணமாகுது. காப்பாத்துறதும் கவிழ்க்கிறதும் ஒரே மடிப்புதான்.

11/ இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? துண்டு துண்டா எழுத்தைப் படிக்கும் வழக்கமான மரபணுச் சோதனை இந்தத் திருப்பத்தைத் தவறவிடலாம். வீட்டில் தீவிர ஹீமோஃபிலியா ஏ இருந்து, ரிப்போர்ட்டில் "பிழை இல்லை" என்று வந்தால், "இன்ட்ரான் 22 இன்வெர்ஷன் பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்க. தீவிர நோயாளிகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இதுதான் காரணம். அது தெரிந்தால் அம்மா, அக்கா, தங்கை யாரெல்லாம் கடத்துநர் என்று தெளிவாச் சொல்லலாம். அடுத்த கர்ப்பத்தைத் திட்டமிடலாம்.

12/ வேலூர் சிஎம்சி-யில் 5 தீவிர நோயாளிகளுக்கு அவங்களோட ரத்த மூலசெல்லிலேயே சரியான ஃபேக்டர் 8 மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தாங்க. அந்த முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சைக்குப் பிறகான கண்காணிப்புக் காலத்தில் 5 பேருக்கும் ரத்தக்கசிவு இல்லை. இன்னும் ஆரம்பக் கட்டம்தான், ஆனா நடந்தது நம்ம மாநிலத்தில்.

13/ அதுவரை: மூட்டு வீங்கினால் காத்திருக்காம வாங்க. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை தாங்களா கொடுக்காதீங்க. தசை ஊசி, பல் பிடுங்கல், சுன்னத் எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்க. அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். 2016 சட்டப்படி ஹீமோஃபிலியா மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கு, சான்றிதழ் கேட்டு வாங்குங்க.

14/ உங்க சொந்தத்தில் இப்படி ஒரு பையன் இருந்தா, இந்த த்ரெட்டை அவன் அம்மாவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி பாட்டிக்கு அனுப்புங்க.