அக்கி என்று சொன்ன பொய்

இதை எழுத ஏழு மாதங்கள் தயங்கினேன். என் மூக்கின் இடப்புற மடிப்பில் ஒரு தழும்பு இருக்கிறது. துறையில் கேட்டவர்களிடம் அக்கி வந்து ஆறியது என்று சொல்லியிருந்தேன். அது பொய். சென்ற வாரம் முதுகலை மாணவி ஒருவர், தாமும் முகத்தில் ஊசி போட்டுக்கொள்ள எண்ணியிருப்பதாகச் சொல்லி என் கருத்தைக் கேட்டார். அவரிடம் உண்மையைச் சொன்ன பிறகு, இதைப் பொதுவிலும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலம். நேர்காணல்கள் இணையவழியே நடந்தன. கேள்வி கேட்பவரைப் பார்க்காமல், திரையின் மூலையில் தெரியும் என் முகத்தையே பார்த்துப் பதில் சொல்லப் பழகியிருந்தேன். மூக்கிலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் இரண்டு கோடுகள் நாளுக்கு நாள் ஆழமாவதாகப்பட்டது. சந்தாபுராவில் என் அறைக்கு நடந்துபோகும் தொலைவில் ஓர் அழகியல் நிலையம் இருந்தது. ஓர் அடிக்குறிப்பைச் சரிபார்க்க மூன்று நாள் நூலகத்தில் அலைந்திருக்கிறேன். அங்கே கொடுத்த நான்கு பக்க ஒப்புதல் படிவத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையொப்பமிட்டேன்.

செலுத்தப்பட்டது ஹயலுரானிக் அமிலக் கூழ். கார்ல் மேயரும் ஜான் பால்மரும் 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது; நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே உள்ளது. ‘இயற்கையானது’ என்ற சொல்லை நம்பினேன். ஆனால் மூக்கோர மடிப்பை ஒட்டி முகத் தமனி ஓடுகிறது. கூழ் அதற்குள் புகுந்துவிட்டால், அந்தத் தமனியை நம்பியிருக்கும் தோலுக்கு இரத்தம் போவது தடைப்படும். முகத்தின் நாளங்களுக்குக் கண்ணின் நாளங்களோடு தொடர்பு உண்டு என்பதால், அரிதாகப் பார்வையே பறிபோவதும் உண்டு.

ஊசி இறங்கியதும் அந்த இடம் வெளுத்தது. மாலையில் வலி கூடியது. தோலில் வலை பின்னியதுபோல் நீலம் படர்ந்தது. தொலைபேசியில் கேட்டபோது, “கன்னிப்போயிருக்கும், ஐஸ் வையுங்கள்” என்றார்கள். வைத்தேன். இரத்தம் வராமல் தவிக்கும் தோலுக்கு வேண்டியது வெதுவெதுப்பு என்பது பின்னர்தான் தெரிந்தது.

மறுநாள் காணொளி அழைப்பில் பார்த்த அம்மா, “அக்கி மாதிரி இருக்கேம்மா. ஊர்ல இருந்தா வேளார் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக்கிட்டு வந்திருக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை இறுகப் பற்றிக்கொண்டேன். அக்கி தானாக வருவது. யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலையில் சிறுசிறு சீழ்க்கொப்புளங்கள் எழுந்தன. தோல் கறுக்கத் தொடங்கியது. ஓசூர் சாலையில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போனேன். தோல் மருத்துவரிடமும் முதலில் அக்கி என்றுதான் சொன்னேன். அவர் விரலால் அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்தார். “ஊசி எப்போது போட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். கூழைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் என்னும் நொதியை அன்றே ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று முறையும், மறுநாள் மீண்டும் செலுத்தினார். ஆஸ்பிரின் கொடுத்தார், வெந்நீர் ஒத்தடம் தரச் சொன்னார். பொருக்கு உதிர மூன்று வாரமும் சிவப்பு மறைய மூன்று மாதமும் ஆயின. முதல் நாளே வந்திருந்தால் தழும்பு இல்லாமலே ஆறியிருக்கக்கூடும் என்றார்.

அந்த இரண்டு நாள்கள் ஏன் காத்திருந்தேன் என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். 2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன், முகச் சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குக் கீழே வீங்கிய தம் படத்தை வெளியிட்டார். மருத்துவர் மீது அவர் குறை கூற, மருத்துவர் அதை மறுத்தார். வழக்கின் நியாயம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தின் கீழே ‘இது தேவையா?’ என்ற தொனியில் எழுதப்பட்டவற்றைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு நேர்ந்தபோது அதே சிரிப்புக்கு அஞ்சித்தான் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். ஊசி செய்த கேட்டை நொதி கரைத்தது. தாமதம் செய்த கேடு தழும்பாக நிற்கிறது.

போட்டுக்கொள்ளாதீர்கள் என்று அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. போட்டுக்கொள்பவர்கள் சிலவற்றைக் கேட்டறியுங்கள். ஊசி போடுபவர் தகுதி பெற்ற மருத்துவரா? அந்த இடம் கர்நாடகத்தின் 2007ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவு பெற்றதா? செலுத்தப்போவது எந்தப் பொருள்? அதைக் கரைக்கும் நொதி அவர்கள் கைவசம் உண்டா? பிறகு தோல் வெளுத்தாலோ, வலை போன்ற நீலம் படர்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். பார்வை மங்கினால் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நள்ளிரவானாலும் வருகிறேன்.