ஏறின கியரில் இறங்கு!

கிருஷ்ணகிரி மாம்பழத்தை நீங்கள் கடையில் பார்த்திருப்பீர்கள், தட்டில் பார்த்திருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் நாலு திசையிலும் உருண்டு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். இரண்டு டஜன் செந்தூரா. அத்தனையும் நான் காசு கொடுத்து வாங்கியவை!

2019 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிருஷ்ணகிரியில் எனக்கு ஆபீஸ் உத்தியோகம். சேலத்தில் அப்பா, அம்மா. நடுவில் தர்மபுரி. அப்பாவின் காரைப் பத்து நாளைக்கு இரவல் வாங்கியிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் மாம்பழமும் கையுமாகக் கிளம்பினேன்.

கார் என்றால் சும்மா கார் இல்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1966 மாடல், இரண்டு கதவு, க்ரீம் கலர். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டின் தமிழ்நாட்டுத் தம்பி. டிசைன் செய்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். கட்டியது நம்ம வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலை. கல்கத்தா அம்பாஸடர், பம்பாய் ஃபியட் என்று ஊர் உலகம் கொண்டாடிய காலத்தில், 'இது மெட்ராஸ் கார்டா!' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள நமக்கிருந்தது இது ஒன்றுதான். 948 சி.சி. இன்ஜின். இன்றைக்குச் சில மோட்டார் சைக்கிள்களுக்கே அதைவிடப் பெரிய இன்ஜின் இருக்கிறது. அதை அப்பா காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

1974-ல் செகண்ட் ஹேண்டாக அப்பா வாங்கியது. எனக்கு அண்ணன் மாதிரி. வீட்டில் அதற்கிருந்த மரியாதையைப் பார்த்தால், தலைப்பிள்ளையே அதுதான்.

கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும்போது அப்பா ஒரே ஒரு மந்திரம்தான் உபதேசித்தார். "மலையில ஏறின கியர்லயே இறங்கு!"

அதைத்தான் அன்றைக்கு மறந்தேன்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தெரியும். அதியமான்கோட்டை தாண்டி, பாளையம் டோல்கேட் தாண்டி ரோடு தேமே என்று போகும். பிறகு இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர, ரோடு சத்தமில்லாமல் சரிய ஆரம்பிக்கும். அதுதான் தொப்பூர் கணவாய். பெங்களூர்ப் பக்கத்து மேட்டு நிலம் முடிந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்குகிற படிக்கட்டு. மூன்றாம் மைசூர் போரில், 1790-ல், திப்பு சுல்தானின் படை இறங்கிய வழி. இப்போது தேசிய நெடுஞ்சாலை 44. வடக்கத்தி லாரி, கேரளா லாரி, சிமென்ட் லாரி, டேங்கர் எல்லாம் இதே சந்தில்தான் புகுந்து வர வேண்டும்.

ஊட்டி மாதிரி, ஏற்காடு மாதிரி பயமுறுத்துகிற வளைவு எதுவும் இங்கே இல்லை. அதுதான் ஆபத்தே! அகலமான ரோடு, 'வா ராஜா வா' என்று கூப்பிடும். சரிவு கண்ணுக்குத் தெரியாது. லோடு லாரிக்காரர்கள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்குவார்கள். அவ்வளவு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். பாதி தூரத்தில் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். அப்புறம் முன்னால் போகிறவன் பாடு அவன் குலதெய்வத்தின் கையில். 2020 டிசம்பரில் பிரேக் பிடிக்காத ஒரு லாரி வரிசையாகக் கார்களின் மேல் ஏறியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொரு விபத்து, மறுபடி 4 பேர். 'நியூட்ரலில் இறங்காதே' என்று போலீசும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. கணவாய்க்குள் ஓர் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்கு ஒரு ஞானோதயம். 'ஐம்பத்து மூணு வயசு இன்ஜின். பாவம், இறக்கத்திலாவது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே!' நியூட்ரலுக்குத் தள்ளினேன். அடடா, என்ன சுகம்! சத்தமே இல்லை. காற்று மட்டும்.

முதல் கிலோமீட்டர் சுகம். அடுத்ததில் பிரேக் பெடல் கொஞ்சம் கீழே போனது. அப்புறம் இன்னும் கொஞ்சம். கருகின வாசனை. முன்னால் ஒரு டேங்கர். பதறிப்போய் இரண்டாவது கியருக்குத் தள்ளினேன். 'கர்ர்ர்' என்று கத்தியதே தவிர, விழவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கம் ஒடித்தேன். ரோட்டோர இரும்புத் தடுப்பில் மூக்கை உரசி, மோதி, நின்றது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மாம்பழங்கள் ரோட்டில். ஹெரால்டின் மூக்கு... வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒரு பெரியவர், "லாரிக்காரன் ஒதுக்கிட்டானா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க!" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. பெரியவர் ஊரிலிருக்கிற லாரிகளையெல்லாம் திட்டிக்கொண்டே நாலு மாம்பழத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மீதி இருபதும் என்னைத் தேடி வரவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "வண்டி கொஞ்சம் சர்வீஸ் பண்ண வேண்டியிருக்குப்பா. தர்மபுரியில விட்டிருக்கேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை பாருங்கள்!

"ஆயுத பூஜைக்குள்ள வந்துடுமில்ல?" என்றார். வருஷா வருஷம் அவர் கையால்தான் வண்டிக்குச் சந்தனம். அப்போது அவருக்கு வயது 78.

தர்மபுரி சேலம் ரோட்டில் ஒரு டிங்கர் பட்டறை. பாய்க்கு அறுபது வயதிருக்கும். கொக்கி போட்டு இழுத்து வந்த ஹெரால்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஹெரால்டில் பானெட் என்பது மூடி மட்டுமல்ல. மூக்கு, இரண்டு பக்க மட்கார்டு, எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. முன்பக்கம் கீல் வைத்து, முதலை வாயைத் திறக்கிற மாதிரி மொத்தமாகத் தூக்கலாம். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அத்தனை வசதி! அடிபட்டால் அத்தனையும் போச்சு.

"புதுசு கெடைக்குமா பாய்?"

"கம்பெனியே மூடியாச்சு சார். புதுசுக்கு எங்க போவீங்க?"

சென்னை புதுப்பேட்டைக்கே போய் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். காயலான் கடைக்காரர் ஒருவர், "ஹெரால்டா? எங்க தாத்தா காலத்துல கேட்டிருந்தா குடுத்திருப்போம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இன்ஷூரன்ஸ் இருந்தது. சர்வேயர் வந்தார், பார்த்தார், பெருமூச்சு விட்டார். பாலிசியில் வண்டியின் மதிப்பு 40 ஆயிரம். ரிப்பேர் எஸ்டிமேட் 55 ஆயிரம். மதிப்பில் முக்கால் பங்கைச் செலவு தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடித்துவிடுவார்களாம். அப்படி இல்லாவிட்டாலும், பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு இரும்புப் பாகத்தில் பாதி விலைதான் தேறும்.

"பேசாம டோட்டல் லாஸ் போட்டுடலாம் சார். உங்களுக்கும் லாபம்" என்றார். நல்ல மனுஷர். அவர் கணக்கில் தப்பே இல்லை. அப்பாவிடம் போய், 'நம்ம வண்டி டோட்டல் லாஸ்ப்பா' என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

தவிர, கிளெய்ம் ஃபாரத்தில் ஒரு கேள்வி. 'விபத்து எவ்வாறு நிகழ்ந்தது?' லாரி என்று எழுதப் போனேன். நம்பர் கேட்பார்களே! பேனாவை மூடினேன். கிளெய்மே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குப் போனால், பாய் நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டிருந்தார். ஒரு பிரேக் டிரம்மைக் கையில் எடுத்துக் காட்டினார். உள்பக்கம் மயில் கழுத்து மாதிரி நீலம். லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு.

"லாரிக்காரன் ஒதுக்கினான்னீங்களே சார்?"

"ஆமா பாய்..."

"லாரிக்காரன் ஒதுக்கினா டிரம்மு நீலமாகாது சார். இரும்பு வெந்தாத்தான் நீலமாகும்." ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்ல வேணாம். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிருங்க. தகடு நெளிஞ்சா நான் தட்டிடுவேன்."

அசடு வழிந்தேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி தர்மபுரி. அந்த ஊர் வழியாக ஆயிரம் தடவை போயிருக்கிறேன். இறங்கி நின்றது அப்போதுதான். மெஸ்ஸில் ராகிக் களி. அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயில். தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்ற ஜனம் அலைமோதும். அதியமான் ஆண்ட தகடூர்தான் இந்தத் தர்மபுரி. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் சாப்பிடாமல் ஔவையாருக்குக் கொடுத்தான் ஒருவன். இரவல் வாங்கின காரை அப்பாவுக்கு ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவன் நான்!

பட்டறையில் பாடமே நடந்தது. ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டம். மேலே உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்தவர்களைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டதாம். முழு பாடி செய்ய ஆளில்லாமல், துண்டு துண்டாகப் பல இடத்தில் செய்து பூட்டினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த கஷ்டம், அறுபது வருஷம் கழித்து எனக்கு வந்த அதிர்ஷ்டம்! பானெட்டைத் தனியாகக் கழற்றித் தரையில் வைத்தார் பாய். சட்டத்தில் குறுக்கே மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தன.

"முதுகெலும்பு நேரா இருக்கு. பொழச்சுது."

பிறகு தட்டல். ஒரு பக்கம் இரும்புக் கட்டை, மறு பக்கம் சுத்தியல். டொக், டொக், டொக். அடி வாங்கிய தகடு சப்பாத்தி மாதிரி விரிந்துவிடுமாம். வெறுமனே தட்டினால் உப்பும். அந்த இடத்தை கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, ஈரத் துணியை வைத்து ஒற்றினால் சுருங்கும். 'சுர்ர்' என்று அது சுருங்கும்போது எனக்குக் கண் கலங்கியது. புகைதான்.

ஒரு சனிக்கிழமை பெயின்ட் சுரண்டும்போது பாய் கூப்பிட்டார். மூக்கோரம், பழைய பெயின்ட்டுக்கு அடியில், மஞ்சளாகப் பித்தளைப் பற்று ஓடியிருந்தது.

"இது ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்ட மூக்கு சார். நல்ல கை. மறைச்சு வேலை பாத்திருக்கான்."

அப்பாவுக்கு முன்னால் வைத்திருந்த ஓனர் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"புதுசு மாதிரி ஆயிடுமா பாய்?"

"புதுசு எதுக்கு சார்? பழைய மாதிரி ஆக்கித் தரேன். அதுவே கஷ்டம்."

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு வண்டி ரெடி. சேலம் போய் அப்பாவை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் தர்மபுரி கிளம்பினேன். தொப்பூரில் பஸ் முக்கி முக்கி ஏறியது. எதிர் ரோட்டில் அந்த இரும்புத் தடுப்பு தெரிந்தது. இனி தள்ளிப் போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்துவிட்டது.

"அப்பா, சர்வீஸ் இல்லப்பா. அந்த இடத்துல இடிச்சுட்டேன். லாரி எதுவும் வரல. என் தப்புதான்."

அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "எந்த கியர்ல எறங்குன?" என்றார்.

"நியூட்ரல்."

அதற்கப்புறம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வார்த்தை இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

பட்டறையில் வண்டியைச் சுற்றி வந்தார். மூக்கைத் தடவினார். புது க்ரீமுக்கும் பழைய க்ரீமுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்தது. அவர் விரல் சரியாக அந்தப் பழைய பற்று இருந்த இடத்தில் போய் நின்றது.

"இங்க ஒரு பழைய பத்து இருந்துச்சுங்களே..." என்றார் பாய்.

"இருந்தது" என்றார் அப்பா.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். கணவாய் ஆரம்பத்தில் அப்பா இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது கியர். இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தியது. பிரேக்கில் கால் வைக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தன. ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டும்போது அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"எழுபத்தேழுல, ஏற்காட்டுல இருந்து எறங்குறேன். பெட்ரோல் விலை ஏறிப் போச்சேன்னு நியூட்ரல். உனக்கு ரெண்டு வயசு. நல்ல வேளை, நீயும் உங்கம்மாவும் வண்டியில இல்ல."

"அந்த மந்திரம்...?"

"அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஆடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லியிருக்கேன். நீ எதுவும் உளறாத."

வீட்டு வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். பானெட்டில் குங்குமம் வைத்தாள். குனிந்து அந்த ஒரு நூல் கலர் வித்தியாசத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவை.

"இந்தத் தடவை குறுக்க வந்தது என்ன... மாடா?"