வறை

பெரும்பாணாற்றுப்படையைப் படித்தவர்கள் யாழின் வருணனையையும் கடற்கரைப் பட்டினத்தையும் நினைவில் வைத்திருப்பார்கள். என் நினைவில் நிற்பது ஓர் உணவு. எயினர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கவிருப்பது மேட்டுநிலத்தில் விளைந்த நெல்லின் சிவந்த சோறு. அதனோடு, நாய் பிடித்து வந்த உடும்பின் வறை. உருத்திரங்கண்ணனார் இதை இழித்தும் பேசவில்லை, வியந்தும் பேசவில்லை. வழியில் கிடைக்கும் நல்ல சாப்பாடு, அவ்வளவே.

தமிழ்நாட்டில் 'வறை' என்ற சொல்லை இப்போது அதிகம் கேட்க முடிவதில்லை; வறுவல், பொரியல் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது இன்றும் அன்றாடச் சொல். பெங்களூருவில் என் பக்கத்து வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா சுறா வறை செய்வார். மீனை முதலில் அவித்து, உதிர்த்து, நீரைப் பிழிந்து, பிறகுதான் தேங்காய்ப்பூவோடு தாச்சியில் வறுப்பார். அந்த உடும்பும் இப்படித்தான் சமைக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. உறுதியான சான்று ஏதுமில்லை. ஆனால் இறைச்சியின் இயல்பு அப்படி. ஓடித் திரிந்த விலங்கின் தசையில் கொழுப்பு குறைவு, இணைப்புத்திசு மிகுதி. நேரே சூடான சட்டியில் இட்டால் நீர் வற்றித் தோல்போல் ஆகிவிடும். மெல்ல அவித்தால் அத்திசு இளகும்; ஒட்டுண்ணி அச்சமும் நீங்கும். அதன்பின் உலர வறுக்கலாம். காரத்துக்கு மிளகுதான். மிளகாய் போர்த்துக்கீசியர் கப்பலில் வர இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன.

இதைச் செய்து பார்க்க விரும்பினேன். உடும்பைத் தொட முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டு முயலுக்கும் கௌதாரிக்கும் காட்டுப்பன்றிக்கும்கூடப் பாதுகாப்பு உண்டு. குடகர்களின் பந்திக் கறியே, கச்சம்புளி மாறாமல், வளர்ப்புப் பன்றிக்கு மாறிவிட்டது. ஆகவே சிவாஜிநகரில் பண்ணைக் காடை வாங்கினேன். ஜப்பானியக் காடை, ஐந்து வார வயதில் கடைக்கு வந்துவிடுவது. அவித்து, எலும்பு நீக்கி, உதிர்த்து, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து வறுத்தேன். சுவை நன்றாகவே இருந்தது. ஆனால் கூண்டில் நின்றே வளர்ந்த அந்தத் தசையை அவிக்கத் தேவையே இருக்கவில்லை. விரல் பட்டதும் பிரிந்தது. வறை என்னும் முறை எதை இளக்குவதற்காகத் தோன்றியிருக்குமோ அந்தக் கடினம் அதில் இல்லை.

சட்டம் சரியானது என்றே கருதுகிறேன். அதன் விலையை என்னைப் போன்றவர்கள் கொடுக்கவில்லை என்பதும் தெரியும். பன்னேர்கட்டாவுக்கு அருகே ஹக்கிப்பிக்கி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. கன்னடத்தில் ஹக்கி என்றால் பறவை. பறவை பிடிப்போர் என்பதே அவர்களுக்கு வாய்த்த பெயர். நம் நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலிதான் இவர்களுக்கும் தாய்மொழி. வேட்டை குற்றமான பிறகு பாசிமணிக்கும் மூலிகை எண்ணெய்க்கும் மாறினார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது, விற்பனைக்காக அங்கே போயிருந்த ஹக்கிப்பிக்கியர் பலர் சிக்கிக்கொண்டார்கள். இவர்களுக்கு ஆப்பிரிக்காவில் என்ன வேலை என்று நகரத்தில் பலர் வியந்தார்கள். பக்கத்துக் காட்டில் வேலை இல்லாமற்போனது அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

வேட்டைக் கறியை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும், எப்போது சட்டியை இறக்க வேண்டும் என்பதை நான் பழைய பாட்டிலிருந்து ஊகித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கையறிவாக அறிந்த முதியவர்கள் மாநகரப் பேருந்து போகும் தொலைவில் இருக்கக்கூடும். குறிப்பேட்டோடு போய்க் கேட்கலாம். ஆனால் என் குறிப்பேட்டில் ஆய்வுத்தரவாக அமையும் விடை, அவர்கள் வாயில் குற்ற ஒப்புதலாகக் கொள்ளப்படலாம். இதுவரை நான் கேட்கவில்லை.